எதன் தூரம்? கொல்கத்தாவும் குவியப் புள்ளியின் வரலாறும்

1901ஆம் ஆண்டு, லண்டன் பென்ரோஸ் நிறுவனத்தின் அச்சுக்கலை ஆண்டு மலரில் கொல்கத்தாக்காரர் ஒருவரின் கட்டுரை வெளிவந்தது. அதன் தலைப்பைத் தமிழில் 'ஹாஃப்டோன் திரையைத் தானாகவே சரிசெய்தல்' எனலாம். எழுதியவர் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. வங்காளக் குழந்தைகளுக்கு இராமாயணத்தை எளிய உரைநடையில் தந்தவர். சுகுமார் ராயின் தந்தை. சத்யஜித் ராயின் பாட்டனார். இலக்கிய வரலாறுகளில் அவருக்கு உரிய இடம் உண்டு. படக்கருவியின் வரலாற்றில் அவருக்குள்ள இடத்தைப் பற்றி, அச்சுத் தொழில்நுட்ப வரலாறு பயில்வோர் நீங்கலாகப் பேசுவோர் குறைவு. ஆட்டோஃபோகஸ் என்று பேச்சில் வழங்கும் தானியங்கிக் குவியம் சந்தைக்கு வருவதற்கு 75 ஆண்டுகளுக்கு முன்பே, படக்கருவிக்குள் ஒரு தொலைவைக் கைப்பழக்கத்தால் அன்றிக் கணக்கால் நிறுத்த முடியுமா என்ற கேள்வியை அவர் வடகொல்கத்தாவிலிருந்து எழுப்பியிருந்தார்.

அவரே தானியங்கிக் குவியத்தின் முன்னோடி என்று முழங்குவதற்கு இது போதாது. அத்தகைய முழக்கங்கள் சமூக ஊடகங்களில் மலிந்துவிட்டன. உபேந்திரகிஷோர் எந்தக் கேள்வியைத் தீர்க்க முயன்றார், எந்தக் கேள்வி அவர் முன் எழவே இல்லை என்று பிரித்துப் பார்ப்பதே பயன் தரும். இன்றைய எண்ணிமப் படக்கருவியின் திரையில் சிறு கட்டமாக ஒளிரும் குவியப் புள்ளியைப் புரிந்துகொள்ள அந்தப் பிரிவினை தேவைப்படுகிறது.

மைமன்சிங் மாவட்டத்தின் மசூவாவில் 1863இல் பிறந்த உபேந்திரகிஷோர், ஓவியமும் வயலினும் ஒருசேரப் பயின்றவர். அவருடைய குழந்தைகளுக்கான இராமாயணம் முதன்முதலில் அச்சானபோது, அவர் வரைந்த ஓவியங்கள் மரக்கட்டையில் செதுக்கப்பட்டு உருக்குலைந்து வந்தன. அந்த மனக்குறையே அவரை அச்சுத் தொழிலுக்குள் இழுத்தது. 1895இல் பென்ரோஸ் நிறுவனத்திடமிருந்து கருவிகளைத் தருவித்துத் தம் வீட்டிலேயே ஹாஃப்டோன் பிளாக் செய்யத் தொடங்கினார். தமிழ்நாட்டு அச்சகங்களிலும் அண்மைக்காலம் வரை 'பிளாக் எடுப்பது' என்ற தொடர் வழங்கியது; அதே தொழில்தான்.

ஒளிப்படத்தில் கருமைக்கும் வெண்மைக்கும் இடையே எண்ணற்ற சாயல்கள் உண்டு. அச்சு மைக்கோ ஒரே சாயல்தான். எனவே சாயல்களைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக மாற்ற வேண்டும். அதற்காகப் படக்கருவிக்குள், ஒளியுணர் தகட்டுக்குச் சற்று முன்னால், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் பொறித்த கண்ணாடித் திரை ஒன்று வைக்கப்பட்டது. பிலடெல்பியாவின் மாக்ஸ் லெவி அத்திரையை 1890களின் தொடக்கத்தில் நேர்த்தியாகச் செய்து விற்றார். திரையை வாங்கிவிடலாம், அதைத் தகட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்துவது என்பதுதான் சிக்கல். மிக நெருங்கினால் புள்ளிகள் வெறும் கட்டங்களாகின்றன. மிக விலகினால் சாயல்கள் ஒன்றோடொன்று கலங்கிவிடுகின்றன. தொழிலாளர் பலரும் இதைச் சோதித்துப் பார்த்தும் தவறிப் பார்த்துமே கற்றனர். கற்றவர் அதைக் கைரகசியமாகக் காத்தனர்.

உபேந்திரகிஷோர் அதற்குப் பின்னாலுள்ள ஒளியியலைத் தேடினார். 1897இல் 'திரையைக் குவியப்படுத்தல்', 1898இல் 'ஹாஃப்டோன் புள்ளியின் கோட்பாடு', 1899இல் அக்கோட்பாட்டுக்கு வரைபட விளக்கம், 1901இல் மேற்குறித்த கட்டுரை, பின்னர் ஒளியின் விளிம்பு வளைவு பற்றியும் 60 பாகைத் திரை பற்றியும் பல்துளைத் தடுப்புகள் பற்றியும் 1912 வரை கட்டுரைகள் தொடர்ந்தன. தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே ஒரு மனம் செல்லும் வழி தெரிகிறது. முதலில் குவியம், பின்பு அதன் காரணம், அதன்பின் அதைத் தானாக நிகழச் செய்தல். இவர் ஒருமுறைகூட ஐரோப்பா சென்றதில்லை.

இதன் அடிப்படைக் கணக்கு எளியது. திரையின் ஒவ்வொரு கண்ணும் ஓர் ஊசித்துளைபோல் இயங்கி, லென்ஸின் துவாரத்தைத் தகட்டில் சிறு உருவமாக வீழ்த்துகிறது. ஆகவே திரைக்கண்ணின் அகலத்துக்கும் திரைத் தொலைவுக்கும் உள்ள விகிதம், லென்ஸ் துவாரத்தின் விட்டத்துக்கும் லென்ஸிலிருந்து தகடு இருக்கும் தூரத்துக்கும் உள்ள விகிதத்தோடு ஒத்திருக்க வேண்டும். அங்குலத்துக்கு 133 கோடுகள் கொண்ட திரையில் ஒரு கண்ணின் அகலம் ஏறத்தாழ 0.095 மில்லிமீட்டர். துவாரம் தூரத்தில் 64இல் ஒரு பங்கு என்றால், திரை நிற்க வேண்டிய இடம் தகட்டிலிருந்து 6 மில்லிமீட்டர். படத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ லென்ஸை நகர்த்தினால் இந்த எண்ணும் மாறும். மாறுவது ஒழுங்கான விதிப்படி என்பதால் அதை ஓர் இயந்திர அமைப்பிடம் ஒப்படைக்கலாம். அனுபவம் மிக்க கையின் இடத்தில் விகிதம் வந்து அமர்ந்துவிடுகிறது.

இது இயன்றதற்கு ஒரு காரணம் உண்டு. அது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. பிளாக் செய்யும் படக்கருவியின் முன்னால் நிற்பது சுவரில் மாட்டிய தட்டையான மூலப்படம். அதன் எல்லாப் பகுதிகளும் ஒரே தூரத்தில் உள்ளன. எதைத் தெளிவாக்குவது என்ற கேள்வியே அங்கு இல்லை. எப்படித் தெளிவாக்குவது என்பது மட்டுமே உண்டு. தெருவை நோக்கித் திருப்பிய படக்கருவிக்கு இந்த வசதி கிடையாது. அதற்கு முன்னால் ஆழம் இருக்கிறது: அருகே ஒருவர், அவருக்குப் பின்னால் மற்றொருவர், அப்பால் சுவர். அங்கே தூரத்தை அளப்பதற்கு முன் 'எதன் தூரத்தை' என்று முடிவுசெய்தாக வேண்டும். முதல் வேலை இயற்பியல் சார்ந்தது, இரண்டாவது தேர்வு. தானியங்கிக் குவியத்தின் வரலாறு நெடுகிலும் முதலாவது மெல்லமெல்லத் தீர்ந்திருக்கிறது, இரண்டாவது வேடம் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

தொடக்ககாலப் படக்கருவிகளில் தேர்வு முழுவதும் ஒளிப்படக்காரரிடமே இருந்தது. முக்காலியின் மேல் நின்ற பெட்டிக்குப் பின்னால் சொரசொரப்பாகத் தேய்த்த கண்ணாடி. அதில் தலைகீழாக விழும் உருவம். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, மூலையோ நடுவோ விளிம்போ, வேண்டிய இடத்தில் உருப்பெருக்கியை வைத்துத் தெளிவைச் சோதிக்கலாம். இன்றைய மொழியில் சொன்னால் கண்ணாடிப் பரப்பு முழுவதுமே குவியப் புள்ளி. வங்காள ஒளிப்படக் கழகம் 1856இல் கொல்கத்தாவில் தொடங்கியபோதும், அதே ஆண்டு சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியில் கழகம் எழுந்தபோதும், பின்னர் லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தபோதும் பயன்பட்டது இம்முறையே. கட்டடங்களுக்குத் துவாரத்தைச் சுருக்கி அனைத்தையும் தெளிவாக்கினர். அதற்கு விலை, நீண்ட ஒளியேற்றம். தெருவில் நடந்தவர்கள் தடமின்றி மறைந்தனர். உருவப்பட நிலையங்களில் நிலைமை வேறு. 1840இல் வெளிவந்த பெட்ஸ்வால் லென்ஸ் நடுவில் கூர்மையாகவும் விளிம்பில் மங்கலாகவும் வரைந்தது. அமர்பவரை நடுவில் வைத்துக் கண்களைத் தெளிவாக்குவது அந்த லென்ஸ் விதித்த ஒழுங்காகவும் இருந்தது. கொல்கத்தாவின் புகழ்பெற்ற போர்ன் அண்ட் ஷெப்பர்டு நிலையம் 1991 தீவிபத்துக்குப் பின்னும் தாக்குப்பிடித்து 2016இல் மூடப்பட்டது. கண்ணாடித் தகட்டிலிருந்து எண்ணிமம் வரையிலான காலம் முழுவதையும் ஒரே பெயர்ப்பலகை கண்டிருக்கிறது.

கழகத்தின் தொடக்ககால வரலாற்றில் ஒரு கசப்பும் உண்டு. அறிஞர் ராஜேந்திரலால் மித்ரா அதன் பொருளாளராக இருந்தார். ஐரோப்பியர்களைக் கண்டித்து அவர் பொதுமேடையில் பேசியதை அடுத்து 1857இல் அவர் விலக்கப்பட்டார். எதைப் படமாக்குவது என்று பேசிய அவையில் யார் அமரலாம் என்பதும் தேர்வுக்கு உட்பட்டதாகவே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் படக்கருவி கைக்கு அடக்கமானபோது தேய்த்த கண்ணாடி போயிற்று. அதனிடத்தில் வந்த ரேஞ்ச்ஃபைண்டர் அமைப்பில், பார்வைச் சாளரத்தின் நடுவே ஒரு சிறு மஞ்சள் கட்டம். அதற்குள் உருவம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டும் ஒன்றானால் குவியம் சரி. ஒற்றை லென்ஸ் எதிரொளிப்புக் கருவிகளில் நடுவட்டத்தில் பிளவுபட்ட உருவம் ஒட்டிக்கொள்வதும் இதற்கு நெருங்கிய உறவே. வேகம் கூடியது. பரப்பு முழுவதும் இருந்த தேர்வுரிமை ஒரே ஒரு மையத்துக்குச் சுருங்கியது. ஓரத்தில் நிற்பவரைத் தெளிவாக்க முதலில் அவரை நடுவுக்குக் கொண்டுவந்து, குவியப்படுத்தி, மறுபடி சட்டகத்தைத் திருப்ப வேண்டும்.

நிமாய் கோஷ் இவ்வழியில் வந்தவர். கடனுக்கு ஈடாக நண்பர் ஒருவர் தந்த கேனனெட் படக்கருவியோடு, 'கூப்பி காயின் பாகா பாயின்' படப்பிடிப்பில் சத்யஜித் ராயைப் படமெடுக்கத் தொடங்கிய நாடக நடிகர் அவர். பின்னர் கால் நூற்றாண்டுக் காலம் ராயின் நிழலாக நடந்தார். மின்வெட்டொளியைத் தவிர்த்து, கிடைத்த ஒளியிலேயே படமெடுத்தார். அரங்கின் குறைவொளியில் துவாரம் அகல வேண்டும். துவாரம் அகன்றால் தெளிவின் ஆழம் குறுகும். ராயின் முகமா, அவர் கை சுட்டும் திசையா என்பதைக் கணத்தில் முடிவுசெய்து, நடுக்கட்டத்தில் பிடித்து, திருப்பி, அழுத்த வேண்டும்.

திரைப்படத்தில் இவ்வேலைக்குத் தனி ஆளே உண்டு: குவியம் இழுக்கும் உதவியாளர். அளவுநாடாவால் தூரங்களை அளந்து குறித்துக்கொண்டு, நடிகரின் அசைவுக்கேற்ப வளையத்தைத் திருப்புபவர். 'அபராஜிதோ'வுக்காக (1956) சுப்ரதா மித்ரா விளக்கொளியை வெண்துணியில் பட்டுத் திரும்பச் செய்து காசி வீட்டு முற்றத்தின் பகலொளியை ஸ்டுடியோவில் உருவாக்கியது அனைவரும் அறிந்தது. அவ்வாறு திரும்பும் ஒளி மென்மையானது, ஆனால் வலுக்குறைந்தது. அந்தச் சுமையில் ஒரு பங்கு வளையம் திருப்பும் கையில் இறங்கும். திரைப்பட வரலாறுகள் இக்கைகளுக்குரியவர்களின் பெயர்களைச் சொல்வது அரிது. 1964இல் 'சாருலதா' தொடங்கி ராயே படக்கருவியை இயக்கலானார். அப்படத்தின் தொடக்கத்தில் சாரு கைப்பிடி வைத்த தொலைநோக்கியோடு சன்னல் சன்னலாக ஓடித் தெருவில் செல்வோரைப் பார்க்கிறாள். பிறகு புத்தகத்தில் மூழ்கித் தன்னைக் கவனியாமல் கடந்துபோகும் கணவனையும் அதே கண்ணாடியால் பார்க்கிறாள். தன் கவனத்தை எங்கே வைப்பது என்று தேர்வுசெய்யும் ஒருத்தியைத் திரையில் இவ்வளவு நேரம் காட்டியது அக்காலத்தில் புதுமை.

இயந்திரம் தூரத்தை அளக்கத் தொடங்கியது 1970களில். ஹனிவெல் நிறுவனத்தின் உணரியைக் கொண்ட கோனிகா சி35 ஏஎஃப் 1977இல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டில் போலராய்டு ஒலியலையை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தால் தூரத்தை அறிந்தது. சன்னல் கண்ணாடிக்கு அப்பால் உள்ளதைப் படமெடுக்க முயன்றால் அது கண்ணாடியின் தூரத்தையே உண்மையாகச் சொல்லும். 1985இல் மினோல்டா 7000 மோட்டாரையும் உணரியையும் கருவியின் உடலுக்குள்ளேயே வைத்தது. இதில் கையாளப்பட்ட முறை இன்றுவரை அடிப்படையாக உள்ளது. லென்ஸின் இரு பக்கங்களிலிருந்து வரும் ஒளியை இரண்டு உருவங்களாக்கி, இரண்டுக்கும் இடையிலுள்ள விலகலை அளந்தால், எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரின் இரட்டை உருவத்தைக் கண்ணுக்குப் பதிலாக மின்னணு உணரி பார்க்கிறது என்று கொள்ளலாம்.

அளவை துல்லியமாயிற்று, இடம் மட்டும் நடுவிலேயே நின்றது. 1988இன் நிக்கான் எஃப்4, 1989இன் கேனன் இஓஎஸ்-1 ஆகிய தொழில்முறைக் கருவிகளுக்கும் நடுவில் ஒரே ஓர் உணர்பகுதிதான். எளிய கருவிகளால் எடுத்த குடும்பப் படங்களில் இதன் தடயம் இன்றும் கிடக்கிறது: இருவர் தோளோடு தோள் நிற்க, நடுவிலுள்ள இடைவெளி வழியே பின்சுவர் துல்லியமாகத் தெரியும், இருவர் முகமும் மங்கியிருக்கும். இயந்திரம் தவறவில்லை. சுவரின் தூரத்தைச் சரியாகவே அளந்தது.

பாதி அழுத்திப் பூட்டிக்கொண்டு சட்டகத்தைத் திருப்பும் பழைய உத்திக்கும் எல்லை உண்டு. ஒன்றரை மீட்டரில் ஒரு முகத்தை நடுவில் வைத்துக் குவியப்படுத்திய பின் கருவியை 15 பாகை திருப்பினால், தெளிவுத் தளமும் சேர்ந்து திரும்புகிறது. முகம் அத்தளத்துக்கு 5 சென்டிமீட்டர் முன்னால் வந்துவிடுகிறது. 50 மில்லிமீட்டர் லென்ஸில் துவாரம் 1.4 என்றால் முன்பக்கம் கிடைக்கும் தெளிவு 4 சென்டிமீட்டருக்கும் குறைவு. கண் மங்கிக் காது தெளிவாவது இப்படித்தான்.

இந்தக் குறையே பல புள்ளிகளைக் கொணர்ந்தது. 1990இல் கேனன் இஓஎஸ் 10இல் மூன்று. 1992இல் இஓஎஸ் 5இல் ஐந்து. பின்னதில், பார்ப்பவரின் கருவிழி எந்தப் புள்ளியை நோக்குகிறது என்று அகச்சிவப்பொளியால் அறிந்து அதையே தேர்ந்தெடுக்கும் அமைப்பும் இருந்தது. 1998இல் இஓஎஸ்-3இல் 45. 2007இல் நிக்கான் டி3இல் 51. எண்ணிக்கை ஏறினாலும் புள்ளிகள் நடுப்பகுதியிலேயே நெருங்கியிருந்தன, ஏனெனில் ஒளியை உணரிக்கு அனுப்பும் துணைக்கண்ணாடியின் அளவுக்கு வரம்புண்டு. 2013இல் கேனன் 70டி படவுணரியின் மேலேயே அளவையை நிகழ்த்தியது. அதன்பின் வந்த கண்ணாடியற்ற கருவிகளில் ஏறக்குறைய பரப்பு முழுவதும் எங்கு வேண்டுமானாலும் புள்ளியை நகர்த்தலாம். துணிக்குள் தலைநுழைத்தவருக்கு இருந்த உரிமை ஏறத்தாழ நூறாண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது.

திரும்பி வந்த உரிமையைப் பலரும் உடனே கருவியிடமே ஒப்படைத்துவிடுகின்றனர். 'தானாகத் தேர்ந்தெடு' என்ற நிலையில் கருவி பின்பற்றும் விதி உலகைப் பற்றிய ஓர் ஊகமே. பல கருவிகள் நெடுங்காலம் கைக்கொண்ட விதி, அருகிலுள்ளதும் ஒளிவேறுபாடு மிக்கதுமே முக்கியம் என்பது. 2005ஐ ஒட்டி முகமறியும் நிரல்கள் வந்தபின் முகமே முக்கியம் என்றாயிற்று. இப்போது கண்ணே முக்கியம். இவ்வூகங்கள் பெரும்பாலும் பலிக்கின்றன. பலிக்காத இடங்கள்தாம் ஆய்வாளருக்குரியவை.

வடகொல்கத்தாவின் குமார்துலி அத்தகைய இடம். துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் அங்குள்ள குறுகிய சந்துகளில், மூங்கிலும் வைக்கோலும் ஹூக்ளியாற்று மண்ணும் சேர்ந்து தேவியராக உருப்பெறுகின்றன. கொல்கத்தாவின் துர்கா பூஜை 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. ஒளிப்படக்காரர்களின் நெரிசலோ அதற்கு வெகுமுன்பே தொடங்கியது. மகாளயத்தன்று தேவிக்குக் கண் வரைவது மரபு. நம் சிற்பிகள் கண்திறப்பை இறுதிக்கு வைப்பதுபோல் அங்கும் கண்ணே கடைசி.

அந்தக் கொட்டகையில் கருவியின் ஊகங்கள் ஒவ்வொன்றாக இடறுகின்றன. அருகிலுள்ளதைத் தேடும் விதி முன்னால் குறுக்கிடும் மூங்கிலைப் பற்றுகிறது. ஈரமான சாம்பல்நிற மண்பரப்பில் ஒளிவேறுபாடு இல்லாததால் உணரி முன்னும் பின்னும் அலைகிறது. முகமறியும் நிரலின் நிலை இன்னும் விநோதமானது. நேர்நோக்கிய, பெரிய விழிகள் கொண்ட, சமச்சீரான முகமே அது எளிதில் அடையாளம் காண்பது. தேவியின் முகம் அதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. தூரிகையோடு பக்கவாட்டில் குனிந்து, பாதி இருளில் நிற்கும் கைவினைஞரின் முகம் அந்த நிரலுக்குக் கடினம். ஆகவே தேர்வைக் கருவியிடம் விட்டால், மண் முகம் கூர்மையாகவும் அதைச் செய்த மனித முகம் மங்கலாகவும் அமையும் வாய்ப்பே மிகுதி. குமார்துலிப் படங்களில் தேவியின் கண் தெளிவாகவும் கைவினைஞர் நிழலுருவாகவும் இருப்பதை அழகியல் மரபு என்று விளக்கும் கட்டுரைகள் உள்ளன. அம்மரபில் எவ்வளவு ஒளிப்படக்காரரின் முடிவு, எவ்வளவு கருவியின் இயல்புநிலை அமைப்பு என்று பிரித்தறியாமல் அத்தகைய விளக்கங்களை ஏற்பது கடினம்.

எண்ணிமப் படங்களில் இதைப் பிரித்தறிய வழியும் உண்டு. எந்தப் புள்ளி செயல்பட்டது, தேர்வு கருவியுடையதா கையுடையதா என்ற விவரத்தைப் பல கருவிகள் படக்கோப்பின் உள்ளேயே பதிந்துவைக்கின்றன. தேய்த்த கண்ணாடியில் போர்ன் எதைச் சோதித்தார் என்பதை இனி யாரும் அறிய முடியாது. 2015இன் ஒரு குமார்துலிப் படத்துக்கு அதை அறியலாம். ஆனால் சமூக ஊடகங்களில் ஏற்றும்போது இவ்விவரம் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. ஆவணக் காப்பகங்களும் நாள், இடம், பெயர் ஆகியவற்றைக் கேட்டுப் பெறும் அளவுக்கு மூலக்கோப்பைக் கேட்டுப் பெறுவதில்லை.

அனுபவமுள்ளோர் அக்கொட்டகைக்குள் நுழைந்ததும் முகமறிதலை அணைத்து, ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, கட்டைவிரலால் அதை நகர்த்துகின்றனர். இரண்டு மீட்டர் தூரம், 50 மில்லிமீட்டர் லென்ஸ், துவாரம் 1.8 என்றால் தெளிவு கிடைக்கும் ஆழம் மொத்தம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். தேவியின் கண்ணுக்கும் கைவினைஞரின் கண்ணுக்கும் இடையே ஒரு முழம் இருக்கிறது. தூரிகையின் முனை தேவியின் பக்கம், அதைப் பிடித்த மணிக்கட்டு இரண்டுக்கும் நடுவே.